இடைநிலை வகுப்புகளில் ஆங்கில இலக்கணம்: தமிழ்வழி மாணவரை முன்னிறுத்திச் சில கருத்துகள்

எமது பாடசாலைகளில் 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரையான வகுப்புகளில் ஆங்கில இலக்கணத்தைக் கற்பிப்பது பற்றி இருவேறு கொள்கைகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. விதிகளை வாய்பாடுபோல மனனஞ் செய்விப்பதே வழி என்பது ஒன்று. இலக்கணமே வேண்டியதில்லை, பேசப் பழக்கினாற் போதும் என்பது மற்றையது. ஒன்றையொன்று மறுப்பனபோற் தோன்றினும் இவை ஒரு விடயத்தில் உடன்படுகின்றன. வகுப்பில் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழுமையான ஒரு மொழியின் இலக்கணத்தை ஏற்கெனவே தன்வயப்படுத்திக்கொண்டு வந்திருக்கின்றது என்பதை இரண்டும் பொருட்படுத்துவதில்லை.

மனன முறை குடியேற்றவாதக் கல்வியின் எச்சம். 1795இல் வெளிவந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருவழக்குற்ற லின்ட்லி மறேயின் நூலும் அதன் வழிவந்தனவும் இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தை ஆங்கிலத்தின்மீது பொருத்தியவை. இரண்டாவது கொள்கையோ மேல்நாட்டு ஆய்வுகளைச் சான்று காட்டுவது. முறைசார்ந்த இலக்கணப் போதனை மாணவரின் எழுத்தாற்றலை வளர்ப்பதில்லை என 1963இல் அமெரிக்க ஆங்கில ஆசிரியர் தேசிய சபை வெளியிட்ட அறிக்கை இவற்றுட் பெயர்பெற்றது. ஆனால் அவ்வாய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலஞ் சூழ்ந்த நாட்டில், அம்மொழியிலேயே பயிலும் பிள்ளைகளைப் பற்றியவை. அவற்றின் முடிபைக் கிளிநொச்சியிலோ பதுளைத் தோட்டப் புறத்திலோ வாரத்திற் சில பாடவேளைகள் மாத்திரம் ஆங்கிலத்தைச் செவிமடுக்கும் பிள்ளைக்கு உரியதாகக் கொள்வது எவ்வகையிற் பொருந்தும்?

இங்கு வர்க்கப் பிரச்சினை ஒன்றும் மறைந்துள்ளது. 1945இல் இலவசக் கல்வியும், அதனையொட்டிப் படிப்படியாகச் சுயமொழிக் கல்வியும் வந்தபின்னர் உயர்கல்வியின் கதவு கிராமத்துப் பிள்ளைக்குத் திறந்தது உண்மை. எனினும் வேலைவாய்ப்பிலும் சமூக அந்தஸ்திலும் ஆங்கிலம் காவல் நின்றது. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என வழங்கிய வழக்கைத் தலைப்பாகக் கொண்டே பேராசிரியர் திரு கந்தையா 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டிலே ஆங்கிலம் பேசப்படும் கொழும்பு மத்தியதர வர்க்கப் பிள்ளைக்கு இலக்கணம் காதுவழியே வந்து சேர்ந்துவிடுகின்றது. மற்றப் பிள்ளைக்கோ அதனைத் தருவதற்குப் பாடசாலையன்றி வேறிடமில்லை. பேச்சுப் பயிற்சி என்ற பெயரால் அங்கும் அதனை நீக்குவோமாயின், வாளை உரியவர் கையிலேயே விட்டுவைத்தவராவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வகுப்பறை அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு 1999இல் வெளிவந்த தமது நூலில், மாணவர் புதுமுறைப் பயிற்சிகளைவிட இலக்கண விளக்கத்தையே விரும்பி நின்றதைச் சுரேஷ் கனகராஜா எடுத்துக்காட்டுகின்றார். அவ்விருப்பத்தைப் பழைமைவாதம் என ஒதுக்குதல் தகாது.

ஆகவே இலக்கணம் வேண்டும். எவ்விலக்கணம், எவ்வழியில் என்பதே வினா. தமிழ் மாணவரின் பிழைகள் மனம்போன போக்கில் நிகழ்வனவல்ல. அவற்றுட் பெரும்பகுதிக்குக் காரணம் காட்டலாம். ‘ஹி ரீச்சர்’ என மாணவன் எழுதுவது ‘அவர் ஆசிரியர்’ என்னும் பெயர்ப் பயனிலைத் தொடர் தமிழில் நிறைவுடைய வாக்கியமாதலினால். ‘இஸ் றெயினிங்’ என எழுவாயின்றி எழுதுவதும் இவ்வாறே. தமிழ் வினைமுற்று இடமும் எண்ணும் பாலும் காட்டும் விகுதியைத் தன்னுள் அடக்கியது. ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லே வாக்கியமாகும். ஆங்கில வினை பண்டு கொண்டிருந்த ஈறுகளுட் பெரும்பாலானவற்றைக் காலப்போக்கில் இழந்துவிட்டது. ‘கேம்’ என்றால் வந்தவர் யார் என அறிய வழியில்லை. எனவே வினை இழந்ததை எழுவாய் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. மழை பெய்வதற்குக்கூட ‘இற்’ என்றொரு வெற்றெழுவாய் வேண்டப்படுகின்றது. எஞ்சி நிற்கும் ஈறு, நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் வரும் ‘எஸ்’. பெயரிற் பன்மை காட்டும் ‘எஸ்’ உடன் இதனை மயக்கி ‘போய்ஸ் கம்ஸ்’ என எழுதுவோர் பலர். ‘வருகிறான், வருகிறாள், வருகிறது’ என்பவற்றின் விகுதிகளுக்கு நேராக நிற்பது இந்த ‘எஸ்’ என்று சொல்லிக் கொடுத்தால் மயக்கத்தின் வேர் தெரியும். விதியை நூறு முறை எழுதுவிப்பதால் அது தெரியாது.

‘ஏ’, ‘த’ என்னும் சிறுசொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழில் இவை இல்லை, ஆதலால் தமிழர்க்கு இவை வசப்படா என்பது ஆசிரியர் மத்தியில் அடிக்கடி கேட்கும் கூற்று. சொல் இல்லை என்பது சரி. கருத்தும் இல்லை என்பது தவறு. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்ப் பிள்ளையும் உணரும். முன்னையதில் ஏதோவொரு புத்தகம். பின்னையதில் கேட்போனும் அறிந்த புத்தகம். கடைக்குச் சென்று ‘உப்பு வாங்கி வா’ என்னும் தாய், சமையலின்போது ‘உப்பை எடு’ என்கின்றாள். இரண்டாம் வேற்றுமை உருபு அஃறிணைச் செயப்படுபொருளில் தொக்கும் விரிந்தும் நிற்பதன் வழியே தமிழ் செய்யும் வேலையை ஆங்கிலம் ‘த’ என்பதால் செய்கின்றது. அஃறிணை என்று நாம் வரையறுப்பது காரணத்தோடுதான்: மக்களைக் குறிக்கும் பெயரில் ‘ஐ’ பெரும்பாலும் தொகாது. எழுவாயிலோ உருபே இல்லை. அங்கே ‘ஒரு பையன் வந்தான்’, ‘பையன் வந்தான்’ என ‘ஒரு’ என்பதன் வரவும் நீக்கமும் அவ்வேலையைச் செய்கின்றன. ஒப்புமை முற்றிலும் பொருந்தாது; ‘ஒரு புத்தகத்தை எடுத்தான்’ என இரண்டும் சேர்ந்து வரும் இடங்களும் உள. ஆனால் பொருந்தாத இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே 8ஆம் தர வகுப்புக்கு நல்லதொரு பயிற்சியாகும். மாணவர் தம்மொழியை முதன்முறையாகத் தூரத்தில் நின்று பார்ப்பர்.

பரீட்சைகளில் விரும்பிக் கேட்கப்படும் அயற்கூற்று மாற்றத்திலும் ஆசிரியர் உழைப்பு இடம்மாறிச் செலவாகின்றது. ‘நான் வருவேன் என்று சொன்னான்’, ‘தான் வருவதாகச் சொன்னான்’ என இரு வடிவங்களும் தமிழில் உண்டு. ‘நான்’ ‘தான்’ ஆவதை அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ‘ஐ’ என்பது ‘ஹி’ ஆவது புதுமையன்று. புதுமையானது ‘வில்’ ‘வுட்’ ஆவதே. கூறியவன் வினை இறந்தகாலமாயின் கூற்றின் வினையும் பின்வாங்குவது தமிழ் அறியாத வழக்கம். விளக்கவேண்டியது அந்த ஓரிடத்தை மாத்திரமே. நேற்று நடந்ததற்கு ‘ஹாவ் கம் யெஸ்ரடே’ என எழுதுவதும் ‘நேற்று வந்திருக்கிறார்’ என நாம் கூசாது சொல்வதன் விளைவு. உச்சரிப்பு, எழுத்துக்கூட்டல் ஆகியவற்றில் எழும் இடர்கள் வேறு வகையின. அவை இக்கட்டுரைக்குப் புறம்பானவை.

இம்முறைக்கு எதிராக ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் வளராது என்பர். பாடவேளை முழுவதும் தமிழிலே பேசிக் கழிப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. ஐந்து நிமிட ஒப்பீடு, அதன்பின் ஆங்கிலத்திலே நெடும் பயிற்சி என்பதே எமது கருத்து. மேலும் எல்லாப் பிழையும் தாய்மொழியின் தாக்கமன்று. மொழிகளை ஒப்பிட்டே இடர்களை முன்கூட்டி உரைக்கலாம் என்று 1957இல் றொபேட் லாடோ கொண்ட நம்பிக்கையைப் பின்வந்தோர் திருத்தினர். ‘கோட்’ என ‘கோ’வுக்கு இறந்தகாலம் படைக்கும் பிள்ளை தமிழைப் பின்பற்றவில்லை, ஆங்கில விதியையே மிகுதியாகப் பின்பற்றுகின்றது. அவ்வகைப் பிழை வளர்ச்சியின் அடையாளம். சிவப்பு மையால் அடித்து அவமதிக்கத்தக்கதன்று.

நடைமுறையில் உள்ள தடை வேறு. தமிழாசிரியர் பெயரெச்சம் கற்பிக்கின்றார்: ‘நேற்று வந்த பையன்’. சுவருக்கு அப்பால் ஆங்கில ஆசிரியர் ‘த போய் ஹூ கேம் யெஸ்ரடே’ என்பதை விளக்க முனைகின்றார். ஒன்றில் அடை பெயருக்கு முன்னும் மற்றதிற் பின்னும் நிற்பதன்றி இரண்டும் செய்யும் பணி ஒன்றே. ஆயினும் இருவரும் ஒருவர் பாடத்தை மற்றவர் அறியார். பயிற்சி பெற்றதும் வெவ்வேறு நெறிகளில். ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை நீடிக்கும் தோட்டப் பாடசாலைகளிலும் வன்னிக் கிராமங்களிலும் வேறு பாட ஆசிரியரே ஆங்கிலத்தையும் தாங்கவேண்டியுள்ளது; அங்கே நன்னூல்வழி இலக்கணம் அறிந்த தமிழாசிரியரின் துணை மேலும் பயன்படும். பாடசாலை மட்டத்தில் இருவரும் தவணைத் தொடக்கத்திற் கூடி, பெயரெச்சமும் வேற்றுமையும் அயற்கூற்றும் இரு பாடங்களிலும் அடுத்தடுத்த வாரங்களில் வருமாறு வேலைத்திட்டத்தை ஒழுங்குசெய்யலாம். இதற்குச் சுற்றுநிருபமோ புதிய பாடநூலோ தேவையில்லை.