கடன் வாங்கிய வானம் – 6: மூன்று சக்கர சைக்கிள்

போலந்தும் விழுந்து, பிரான்ஸும் விழுந்து, மிஞ்சிய போலந்து விமானிகளில் சிலர் லண்டனுக்கு மேற்கே நார்தோல்ட் தளத்தில் 303-ஆம் ஸ்குவாட்ரனாகக் கூடினார்கள். முன்கதை அவ்வளவுதான், விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவர்களோடு பறந்த பிரான்டிஷெக் கதை என்று சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு சைக்கிள் குறுக்கே வந்துவிட்டது.

மூன்று சக்கர சைக்கிள். 1940 ஆகஸ்ட். அக்ஸ்பிரிட்ஜில் ஒரு கால்பந்து மைதானம். போலந்து விமானிகள் வேர்க்க விறுவிறுக்க மிதிக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ரேடியோ, திசைகாட்டி, வேகமானி. காதில் விழும் ஆங்கில உத்தரவுப்படி வண்டியைத் திருப்பி, அணி கலையாமல் போய் 'எதிரி'யை மடக்க வேண்டும். மிதிப்பவர்கள் கற்றுக்குட்டிகளா? முந்தைய செப்டம்பரில் ஜெர்மன் விமானங்களோடு மோதிவிட்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. இருபது வருஷம் லாரி ஓட்டியவரைக் கூப்பிட்டு மொபெட்டில் எட்டுப் போடச் சொன்னால் முகம் எப்படிப் போகும்? அப்படித்தான் போனது.

வெள்ளைக்காரன் பக்கமும் நியாயம் இருந்தது. போலந்தின் பழைய பி.11 விமானத்தில் சக்கரம் மடங்காது, ஹரிக்கேனில் மடங்கும். இறங்குமுன் ஞாபகமாக இறக்கிவிட வேண்டும். மறந்துபோய் வயிற்றைத் தரையில் தேய்த்தவர்கள் உண்டு. வேகம் கிலோமீட்டரில் அல்ல, மைலில். த்ராட்டில் அதைவிட மோசம்: ஊரில் பின்னால் இழுத்தால் வேகம், இங்கே முன்னால் தள்ளினால் வேகம். ஆபத்து வந்தால் கை பழைய பக்கம்தானே போகும்? போதாததற்கு ரேடியோ பாஷை வேறு. 'ஏஞ்சல்ஸ் பன்னிரண்டு' என்றால் 12,000 அடி உயரம். 'பான்கேக்' என்றால் தரையிறங்கு. இங்கிலீஷே வராதவன் வானத்தில் சம்மனசைத் தேடுவானா, அப்பத்தைத் தேடுவானா?

மறுபக்கமும் பாடம் படித்தது. ஜான் கென்ட் என்ற கனடாக்காரர் அவர்களுக்கு ஒரு ஃபிளைட் கமாண்டர். போலிஷ் சொற்களைக் காதில் விழுந்த மாதிரியே எழுத்துக்கூட்டிக் கால்சட்டையில் எழுதிவைத்துக்கொண்டார். பரீட்சைக்கு நமக்கு உள்ளங்கை, அவருக்குக் கால்சட்டை. பையன்கள் அவரைக் 'கென்டோவ்ஸ்கி' ஆக்கிவிட்டார்கள்.

இத்தனை ரேடியோப் பயிற்சிக்கும் பரீட்சை வந்தது ஆகஸ்ட் 30 அன்று. பயிற்சிப் பறப்பு. பாஷ்கீவிச் என்ற போலந்து விமானியின் கண்ணில் ஜெர்மன் விமானங்கள் பட்டன. சைக்கிளில் படித்தபடி ரேடியோவில் ஸ்குவாட்ரன் தலைவர் கெல்லட்டைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அணியை விட்டுப் பாய்ந்து ஒன்றைச் சுட்டு வீழ்த்திவிட்டுத்தான் திரும்பினார். திட்டும் கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. மறுநாளே ஸ்குவாட்ரன் போருக்குத் தயார் என்று அறிவித்துவிட்டார்கள். சைக்கிள்கள் என்ன ஆயின என்றுதான் எனக்குக் கவலை.

பிரான்டிஷெக் அடுத்த வாரம், சத்தியமாக. ஒரே மாதத்தில் 17 விமானங்களை வீழ்த்திய செக் நாட்டுக்காரர். அணியில் நிற்காமல் தனியே நழுவிவிடுகிற ஆள். என் அத்தியாயத்தில் மட்டும் சொன்ன இடத்தில் நிற்பாரா?