மணலில் டிரெய்லர் இழுக்க டயரில் எவ்வளவு காற்று?

மஸ்ஜிட் தானா பக்கமிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். பெங்காலான் பாலாக் கடற்கரைக்குத் தம் சிறு படகை டிரெய்லரில் இழுத்துச் சென்றாராம். திரும்பும்போது வண்டி மணலில் புதைந்துவிட்டது. கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். "நான்கு டயரிலும் காற்றைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன், பிறகு ஏன் புதைந்தது?" என்று கேட்கிறார்.

நான்கு டயரில்! டிரெய்லரின் இரண்டு டயர்களை அவர் தொடவே இல்லை. கோளாறு அங்கேதான்.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்று பலரும் நினைக்கிறோம். அகலம் கொஞ்சம்தான் கூடும். தரையைத் தொடும் பகுதியின் நீளம்தான் நன்றாகக் கூடும். ஒரு சக்கரத்தில் 600 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 240 சதுர சென்டிமீட்டர். 18க்குக் குறைத்தால் கணக்குப்படி அது 470 ஆகிறது. பாரம் அதேதான், அதைத் தாங்கும் மணல் இரு மடங்கு. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ப் பாக்னோல்டு 1930ஆம் ஆண்டுகளுக்கு முன்பின்னாக லிபியப் பாலைவனத்தைச் சாதாரணக் கார்களில் கடந்தபோது கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று.

இனி டிரெய்லருக்கு வருவோம். அதன் சக்கரங்களுக்கு இயந்திர பலம் இல்லை, சும்மா உருளுபவை. காற்று இறுகிய சிறிய டயர் மணலைக் கலப்பைபோல் உழும். முன்னால் ஒரு மணல்மேட்டைத் தள்ளிக்கொண்டே வரும். முன்னால் போகும் வண்டி ஓயாமல் மேடு ஏறுவதற்குச் சமம் அது. ஆகவே ஆறு டயரிலும் குறைக்க வேண்டும்.

எவ்வளவு? சாலையில் 35 வைப்பவர் 20இல் தொடங்கலாம். டிரெய்லரின் முன்பாரம் வண்டியின் பின் சக்கரங்களில் அழுத்துவதால் அங்கே 2 கூடுதலாக இருக்கட்டும். டிரெய்லருக்குச் சாலையில் 40 என்றால் மணலில் 25. போதவில்லை என்றால் இரண்டிரண்டாகக் குறையுங்கள். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். வெயிலில் ஓடி வந்த டயர் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் பெரிய பின்டயரில் கார் டயரைவிடக் குறைந்த காற்றுதான் இருக்கும்.

ஆனால் காற்றைக் குறைத்தும் பயனில்லாத இடம் ஒன்று உண்டு. நம் மேற்குக் கரையில் பல இடங்களில் மணல் மேலே, சேறு கீழே. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்த பிறகு, சிலாங்கூர் மோரிப் கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படை இறங்கியபோது ராணுவ வாகனங்கள் பல இப்படித்தான் சிக்கிக்கொண்டன. எனவே முதலில் இறங்கி நடந்து பாருங்கள். குச்சியைக் குத்தினால் கறுப்புச் சேறு வருகிறதா? அங்கே வண்டியை விடாதீர்கள்.

புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம், இன்னும் இறங்கும். டிரெய்லரைக் கழற்றுங்கள். வண்டியை மட்டும் கெட்டித் தரைக்கு ஏற்றி, நீளமான கயிற்றால் டிரெய்லரை மெதுவாக இழுங்கள். புதைந்த வண்டியையே வேறொரு வண்டி இழுப்பதானால், டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் மட்டும் கயிற்றைக் கட்டவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டுபோல் பறக்கும்; வெளிநாடுகளில் உயிர்களே போயிருக்கின்றன.

இன்னொன்று. பெங்காலான் பாலாக், பாடாங் கெமுந்திங் கரைகளில் அழுங்காமைகள் முட்டையிட ஏறுகின்றன. உலர்ந்த மேல்மணலில்தான் முட்டை இருக்கும். ஆகவே படகு இறக்குவதற்கென்று உள்ள வழியிலேயே போங்கள்.

தார்ச்சாலை ஏறியதும் ஆறு டயருக்கும் மீண்டும் காற்றடிக்க வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. இல்லையென்றால், பக்கத்துப் பெட்ரோல் நிலையம் வரை 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம்.