பட்டா மாறாத கிரயம்

விடுமுறை முடிந்து வந்த கடிதங்களில் ஐந்தாறு ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஆலங்குடி வாசகர் ஒருவர் செல்பேசியில் ஒரு படத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார். முப்பது நாள் கெடு இருக்கிறதே என்று முதல் நாள் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறார். அன்று திறந்தால் மறுபடி பணம் கேட்கிறது. அறந்தாங்கியிலிருந்து இன்னொருவர் கேட்கிறார்: “வாடகைக்குப் பதிலா ‘வாங்கு’ன்னு இருக்கிறத அழுத்திட்டா, படம் காலத்துக்கும் நம்மளோடதுதானே?”

ஆலங்குடிக்குப் பதில் சுருக்கமானது. வாடகைப் படத்துக்குக் கெடு இரண்டு. அமேசான் பிரைம் வீடியோ 2022 ஏப்ரலில் இந்தியாவில் வாடகைக் கடை திறந்தபோதே விதி இதுதான்: பணம் கட்டிய 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அந்த இருபது நிமிடம் இரண்டாவது கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டது.

வாடகை மீது எனக்குப் புகார் கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்கு அது புதிதும் அல்ல. காதுகுத்து வீட்டுக்கு டிவியையும் டெக்கையும் பழைய போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, நாலு கேசட்டோடு கொண்டுவந்து விடிய விடியப் படம் பார்த்தவர்கள் நாம். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதுவார். காலையில் திருப்பித் தராவிட்டால் இன்னொரு நாள் வாடகை. இரு தரப்புக்கும் கணக்கு தெரிந்திருந்தது.

அறந்தாங்கிக் கேள்விதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நடிகர் பி.யு.சின்னப்பா புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கிக் குவித்ததால், இனி அவர் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் சொல்வார்கள். வாங்குவது என்றால் நமக்கு அதுதான் பொருள்: பத்திரம் பதிவாகும், பட்டா மாறும், பிள்ளைகளுக்குப் போகும். ‘வாங்கு’ பொத்தானை அழுத்தினால் இது எதுவும் நடப்பதில்லை. நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். நிறுவனம் தருவது பார்ப்பதற்கான உரிமம் மட்டும். அதை ஒத்தி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒத்தி முடிந்தால் கொடுத்த பணம் திரும்பி வரும்.

பதிவிறக்கம் செய்துவிட்டால் படம் நம் செல்பேசியில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, பூட்டிய நிலையில். ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன், ஆப்பிளில் ஃபேர்பிளே. சாவியைத் தருவது நிறுவனத்தின் சர்வர். யாருடைய கணக்கு, எந்தக் கருவி, எத்தனை நாள் என்று அது சரிபார்த்த பிறகே பூட்டு திறக்கும். வாடகைக்கு எடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் வருவது ஒரே படம், ஒரே பூட்டு. வித்தியாசம் சாவியின் காலவரம்பில் மட்டும்தான். வாடகைச் சாவிக்குத் தேதி உண்டு, அது நமக்குத் தெரியும். ‘வாங்கிய’ சாவிக்கும் முடிவு வரலாம், அதை நமக்கு யாரும் சொல்வதில்லை. காரணம், கடைக்கே அந்தப் படம் சொந்தமில்லை. உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தம் இருக்கும்வரைதான் அதனால் சாவி கொடுக்க முடியும்.

இது கற்பனைப் பயம் இல்லை. டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கிய பிளேஸ்டேஷன் வாடிக்கையாளர்களிடம், 2023 டிசம்பர் 31 முதல் அவை உங்கள் கணக்கில் இருக்காது என்று சோனி அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே பின்வாங்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: கொடுப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக் கூடாது. இந்தியாவில் அப்படியொரு தனி விதி இல்லை. மத்திய அரசு 2023 நவம்பரில் 13 வகை இணைய ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. அதில் இது நேரடியாக இல்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வட்டு வாங்கிய காலம் வேறு. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி விற்றது. 2015-இல் இயக்குநர் சேரன் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே கொண்டுவந்தார். மோசர் பேயரைக் கலைக்க 2018-இல் உத்தரவாகிவிட்டது, சேரனின் திட்டமும் நிலைக்கவில்லை. அந்த வட்டுகள் இன்றும் என் இழுப்பறையில் இருக்கின்றன; பிளேயர் இருந்தால் ஓடும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். திருக்கோகர்ணத்து ஞானாலயா நூலகம் ஒரு தம்பதி காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த புத்தகங்களால் வளர்ந்தது. உரிமங்களை அடுக்கி அப்படி ஒரு நூலகம் கட்ட முடியாது. யார் கையிலும் பிரதி தங்காவிட்டால் படமே மறைந்துவிடும்: முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) பிரதி இன்று கிடைக்கவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மற்ற கேள்விகள்:

‘வாங்கிய’ படத்தைத் தம்பி கணக்குக்கு மாற்றலாமா? பெரும்பாலான கடைகளின் நிபந்தனைப்படி முடியாது.

மாதச் சந்தா கட்டுகிறேனே? சந்தா நின்றால் படமும் நிற்கும். சந்தா இருக்கும்போதே படம் போவதும் உண்டு.

கடையே மூடினால்? மைக்ரோசாஃப்ட் 2019-இல் மின்நூல் கடையை மூடியபோது பணம் திரும்ப வந்தது, நூல்கள் போயின.

வட்டைப் பிரதி எடுத்து விற்கலாமா? கூடாது, திருட்டு விசிடி 2004 முதல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்துக்குள் வருகிறது.

ஒருமுறை பார்க்கும் படத்துக்கு வாடகையே போதும். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய படத்துக்கு வட்டு கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காமல் ‘வாங்கு’ பொத்தானை அழுத்துவதாக இருந்தால், பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ரசீது மின்னஞ்சலை அழிக்காதீர்கள். படம் காணாமல் போனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.