சிலம்ப அடி: கையிலா, காலிலா?

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் சிலம்பம் பழக வருகிற பிள்ளையின் கையில் வாத்தியார் எடுத்த எடுப்பிலேயே கம்பைக் கொடுத்துவிடுவதில்லை, முதலில் காலடி. முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று வெறுங்கையோடு மிதித்துப் பழகிய பிறகுதான் நெற்றி உயரக் கம்பு கைக்கு வரும். பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கிற வழக்கம் என்று இதை நினைப்பவர்கள் உண்டு. இயற்பியல் வேறு காரணம் சொல்கிறது: ஓங்கி விழும் அடியின் வேகம் பாதத்தில் பிறக்கிறது. ஆனால், 'உடம்பைப் போட்டு அடி' என்று சொல்லும்போது நாம் கற்பனை செய்கிற வழியில் அல்ல.

சின்னக் கணக்கு ஒன்று. பிடித்த கைக்கு அப்பால் கம்பு 1.2 மீட்டர் நீண்டிருக்கிறது, வினாடிக்கு 2 சுற்று என்ற வேகத்தில் அடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நுனியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. அடிக்கிறவர் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்ந்தாலும் நுனிக்கு நேரடியாகச் சேர்வது அந்த 1.5தான், பத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் எடையை முன்காலுக்கு மாற்றி என்ன லாபம்? லாபம் பாய்ச்சலில் இல்லை, பாய்ச்சல் நிற்கிற கணத்தில் இருக்கிறது. திருமங்கலம் பஸ்ஸில் நின்றபடி போகிறவருக்கு, டிரைவர் பிரேக் போட்டால் கால் நிற்க மேலுடம்பு முன்னால் போவது தெரியும். முன்கால் ஊன்றி இறுகும்போதும் அதுவே நடக்கிறது. இடுப்பு அந்தக் காலை அச்சாக்கித் திரும்புகிறது, அடுத்து தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. பேஸ்பால் மட்டை வீச்சில் இந்த வரிசையை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வெல்ச்சும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை ஆட்டக்காரரின் முன்கால் தரையை அழுத்திய விசை உடல் எடையில் 123 சதவீதம். இடுப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 714 டிகிரி. அதற்குப் பின்னால் வந்த தோளின் உச்சம் 937. கனமான உறுப்பு முந்த, இலேசானது பிந்தி வந்து அதைவிட வேகமெடுக்கிறது. கை அவசரப்பட்டு முந்திக்கொண்டால் இடுப்பின் உழைப்பு வீண்.

கால் அசையாமல் மணிக்கட்டாலேயே கம்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழல்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஏற்கெனவே சுழலும் கம்புக்குக் காற்றிலும் கையிலும் இழப்பதை மட்டும் ஈடுகட்டினால் போதும். அலங்காரச் சுற்று அந்தச் சிக்கனத்தில் ஓடுகிறது. நின்ற கம்பைச் சட்டென்று அடியாக மாற்றுவது வேறு வேலை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பேஸ்பால் பந்து திருப்பி அடிக்காது, எதிரில் நிற்கும் சிலம்பக்காரர் அடிப்பார். எடை முழுவதும் இறங்கிய காலை உடனே எடுக்க முடியாது. கணுக்கால் எதிராளிக்குத் திறந்து கிடக்கும். போதாததற்கு, இன்றைய போட்டிகளில் புள்ளி தொடுகைக்குத்தான், அடியின் பலத்துக்கு அல்ல. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனாலேயே சிலம்பத்தில் காலக்கணக்கு இன்னும் கடினமாகிறது: எதிராளியின் தோள் திரும்பும்வரை எடை பின்காலில் காத்திருக்க வேண்டும். ஊன்றுகிற தரையும் கைகொடுக்க வேண்டும்: கரிசல் மண் மழையில் வழுக்கினாலோ வைகை மணலில் பாதம் புதைந்தாலோ ஊன்றுகிற விசையில் ஒரு பங்கு அங்கேயே தொலையும். முன்கால் தரையை உதைக்கும் அதே விசைதான் உடம்பைப் பின்னுக்கும் தள்ளுகிறது. முன்வைத்த காலைப் பின்னெடுக்கும் காலடியை வாத்தியார் அத்தனை தடவை மிதிக்க வைப்பது, அந்தத் தள்ளலோடு உடனே விலகப் பழகுவதற்காகத்தான்.