சிதறு சக்தியும் சிறு கருவிகளும்

கையில் எடுத்துச் செல்லும் கருவிகட்கெல்லாம் மின்கலமே உயிர். அது வற்றியவழிக் கருவியும் வாளா கிடக்கும். ஆயினும் அதனைச் சூழ்ந்து ஒளியும் வெம்மையும் அசைவும் ஓயாது சிதறுகின்றன. இவற்றைத் திரட்டி மின்கலத்திற்கு ஊட்டும் முயற்சியை மேனாட்டறிஞர் 'அறுவடை' என்பர். விதைத்தறுப்பதன்று இது, பிறர் களத்தில் உதிர்ந்த மணிகளைப் பொறுக்குவதேயாம். ஆதலின் 'கதிர் பொறுக்குதல்' என்பதே தக்க பெயரென யாம் கருதுகிறோம்.

இதில் முழு வெற்றி கண்டது கைக்கடிகாரம். 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய சீக்கோ கம்பெனியார் படிகக் கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். காலத்தை நுட்பமாய்க் காட்டிய அதற்கு மின்கலம் மாற்றுதலே தொல்லை. 1976-இல் சிட்டிசன் கம்பெனியார் முள்ளுடைய கடிகாரத்தின் முகத்தில் ஒளியை மின்சாரமாக்கும் தகடுகளை அமைத்தனர். 1988-இல் சீக்கோ கம்பெனியார் வேறு வழி கண்டனர். அவர்தம் கடிகாரத்தினுள் அரைவட்ட எடையொன்று கையசையுந்தோறும் சுழலும். பற்சக்கரங்கள் அச்சுழற்சியைப் பன்மடங்கு விரைவாக்கிச் சிறு காந்தமொன்றைச் சுழற்றும். அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1998-இல் அவர்களே வெளியிட்ட மற்றொன்று, மணிக்கட்டின் வெம்மைக்கும் புறக்காற்றின் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டினாலேயே ஓடிற்று. 1821-இல் ஸீபெக் என்னும் அறிஞர் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. காற்றும் உடலும் ஒத்த வெம்மையடையும் நம் கோடை நண்பகலில் இக்கடிகாரம் பட்டினி கிடக்க வேண்டியதுதான்!

கடிகாரத்திற்கு இயன்றது செல்பேசிக்கு ஏன் இயலவில்லை? படிகக் கடிகாரம் உண்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கே. செல்பேசியின் மின்கலமோ ஏறக்குறைய 15 வாட்-மணி கொள்வது. அதன் முதுகு 100 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோம். தெளிந்த நண்பகல் வெயிலில் அதன்மேல் விழுவது 10 வாட்; நல்ல தகடு அதில் ஐந்திலொரு பங்கை, அஃதாவது 2 வாட்டை, மின்சாரமாக்கும். ஏழெட்டு மணி நேரம் வெயிலிற் கிடத்தினால் கலம் நிரம்பும்; ஆனால் அவ்வெப்பமே கலத்தின் ஆயுளை அரித்துவிடும். அறைக்குள்ளோ, விளக்கொளியில் வாட்டில் நூறிலொரு பங்கு கிடைப்பினும், நிரம்ப இரண்டு மாதமாகும், அதுவும் பேசாதிருந்தால். முதுகில் தகடு பதித்த பேசியை விளம்பரங் கண்டு வாங்க நினைப்போர் இக்கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பாராக.

எனவே பெருகவேண்டியது வரவன்று; சுருங்கவேண்டியது செலவே. இவ்வுண்மையை உணர்ந்தோர் அமைத்த மின்விளக்கு விசையொன்று உண்டு. அதற்கு மின்கலமும் இல்லை, சுவருக்குள் கம்பியும் இல்லை. விரல் அழுத்தும் அச்சிறு விசையிற் பிறக்கும் மின்சாரமே ரேடியோ அலையாய்ச் சென்று விளக்கினை ஏற்றுகின்றது.