பழைய படகும் புதிய பூச்சும்

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தலாகாது என்பர் நம் முன்னோர். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பாராதவன் பேதை என்பதும் அம்மொழியினுள்ளே அடங்கிக் கிடக்கும் உண்மையேயாகும். மாட்டுக்குப் பல் உண்டு. படகுக்கு எதனைப் பிடித்துப் பார்ப்பது? இவ்வினா சென்ற வைகாசி மாதத்தில் எம்மை நாடி வந்தது.

ஒரு மாலை, வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்துக்குப் பழைய மாணாக்கர் ஒருவர் வந்தார். படிக்கும் காலத்திலேயே நீச்சலில் வல்லவர். பெந்தோட்டை ஆற்றில் உல்லாசப் பயணிகளுக்கு நீர்ச்சறுக்குப் படகோட்டும் ஒருவரிடம் சில ஆண்டுகள் வேலை பழகியவர். இனிச் சொந்தமாகவே தொழில் தொடங்கக் கருதினார். கொட்டாஞ்சேனையில் எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறிய தந்தையாரின் பணமும், தாயாரின் இரண்டு சோடிக் காப்பும் அவருடைய முதல்.

"சேர், போட் ஒன்று பார்த்திட்டன். பழசுதான், ஆனால் பளபளவெண்டு இருக்கு. முற்பணமும் குடுத்தாச்சு. நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார்.

பௌதிகம் கற்பிக்கும் எமக்கு மிதப்பு விதி தெரியும், படகு தெரியாது. எனினும், 'பளபளவெண்டு இருக்கு' என்ற அச்சொல் எம் நெஞ்சிற் சிறு முள்ளாய்த் தைத்தது. 'தெரிந்துதெளிதல்' என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க, தம்பியோ தெளிந்த பின்னர்த் தெரிந்துகொள்ளப் புறப்பட்டிருக்கின்றாரே என எண்ணினோம்.

நீர்ச்சறுக்கும் அதன் படகும்

நீர்ச்சறுக்கு நூறாண்டு கடந்த விளையாட்டு. 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, பெப்பின் ஏரியில், றால்ஃப் சாமுவேல்சன் என்னும் பதினெட்டு வயது இளைஞர் பனிச்சறுக்கைக் கண்டு, அதனை நீரிற் செய்தாலென்ன என்று கருதினார். பைன் மரப் பலகைகள் இரண்டின் நுனியைத் தாயாரின் செப்புப் பாத்திரத்திற் கொதிநீரில் இளக்கி வளைத்தார். சகோதரர் பென் படகோட்ட, பலமுறை விழுந்தெழுந்து, ஈற்றில் நீரின்மேல் நின்றார். இன்று அது உலகப் போட்டிகள் நடைபெறும் விளையாட்டு. நம் நாட்டில் அதற்குப் பெயர் பெற்ற இடங்கள் பெந்தோட்டை ஆறும், பாணந்துறையிற் கடலோடு கலக்கும் பொல்கொட வாவியுமாம்.

இவ்விளையாட்டுக்கென்றே கட்டப்படும் படகு மீன்பிடி வள்ளம் போன்றதன்று. எஞ்சின் பெரும்பாலும் படகின் நடுவிலே அமைந்திருக்கும். அதிலிருந்து புறப்படும் இருசுத் தண்டு அடித்தளத்தைத் துளைத்து வெளியேறி, புரொபெல்லர் எனப்படும் விசிறியைச் சுழற்றும். எஞ்சினுக்கு அருகே நிற்கும் கம்பமொன்றில் இழுகயிறு பூட்டப்படும். போட்டிக் கயிற்றின் முழு நீளம் 18.25 மீற்றர். வளைந்து வளைந்து சறுக்கும் ஆடவர் போட்டியிற் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர். ஆகவே, எஞ்சினின் பாரம், அதன் அதிர்வு, கயிற்றில் தொங்கும் மனிதனின் இழுவை ஆகிய மூன்றையும் படகின் உட்சட்டங்களே தாங்குகின்றன. அச்சட்டங்களோ கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்னாளிற் கட்டப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில், இழைத் தோலுக்குள்ளே மூடப்பட்ட மரமே சட்டமாக இருக்கின்றது. வாங்குபவர் அறிய வேண்டிய இரகசியம் இதுவே.

கொட்டாஞ்சேனை ஓடாவியார்

தெரியாத பொருளை வாங்கும்போது தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லல் வேண்டும். நமக்கோ அத்தகையோர் அயலாரல்லர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டுச் சரக்கேற்றி ஓடிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை நினைவு கூர்வோம். சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கினார். 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாறிய அக்கப்பல் 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கியபோது அதுவும் புதிய கப்பலன்று. ஓடி உழைத்த கப்பலே. கட்டுமானம் உறுதியாயின் பழமை ஒரு குற்றமாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மரத்தின் காலம் போய்க் கண்ணாடியிழையின் காலம் வந்தபோதும் நம்மவர் பின்தங்கினாரல்லர். நோர்வே அன்பர்களின் துணையோடு 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எழுந்த சீநோர் நிறுவனம் காரைநகரிற் கண்ணாடியிழைப் படகுகள் கட்டியது. பிற்காலத்திற் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளியிலும் அதன் படகுத்தளம் அமைந்தது. இத்தகைய தளங்களிற் கைபழகிய முதியவர் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். காரைநகரிலே பிறந்து, இளமையில் மரவள்ளமும் பின்னர்க் கண்ணாடியிழைப் படகும் கட்டி, இப்பொழுது கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில் வாழும் ஓடாவியார் ஒருவரை எமக்குத் தெரியும். எழுபது கடந்தவர். விடயத்தைச் சொன்னோம்.

"முற்பணம் குடுத்த பிறகோ என்னைக் கூப்பிடுறியள், மாஸ்ரர்?" என்று கேட்டு, சிறிய மரச்சுத்தியல் ஒன்றைத் துணியிற் சுற்றி எடுத்துக்கொண்டார்.

மூக்கு, காது, கை, கண்

அடுத்த ஞாயிறு காலை மூவரும் கரையோரப் புகைவண்டியில் மொறட்டுவைக்குச் சென்று, பொல்கொட வாவிக் கரையிலுள்ள அவ்வில்லத்தை அடைந்தோம். விற்பவர் பண்பு மிக்க சிங்களக் கனவான். தேநீர் தந்து உபசரித்தார். படகு இழுவண்டியின் மேல் நின்றது. வெள்ளையும் நீலமுமாகப் புதுப்பூச்சு வெயிலில் மின்னியது. தம்பியின் முகத்திற் பெருமிதம்.

"கண்ணை நம்பாதையுங்கோ. முதல் மூக்கு, பிறகு காது, பிறகு கை, கடைசியிலைதான் கண்" என்றார் ஓடாவியார். அந்த ஒழுங்கிலேயே அவர் செய்தவற்றை ஈண்டு தருகின்றோம். வாசகர்க்கு என்றேனும் பயன்படக்கூடும்.

மூக்கு: எஞ்சினின் மேல்மூடியைத் திறந்ததும் அவர் குனிந்து முகர்ந்தார். பெற்றோல் மணம் இருக்குமாயின் எங்கோ கசிவு உண்டு. பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. படகின் அடிவயிற்றிலே தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும், படகு எரிந்துவிடும். அதனாலேயே எஞ்சினைத் தொடக்குமுன் காற்றூதியைச் சில நிமிடங்கள் இயக்குதல் விதி. பெற்றோல் மணம் இல்லை. ஆனால், மழைக்காலத்து விறகுக் கொட்டிலின் மணம் மெல்ல வீசியது. ஓடாவியார் ஒன்றும் கூறவில்லை.

காது: சுத்தியலால் அணியத்திலிருந்து பின்தலை வரையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். சந்தையிற் பானை வாங்கும் பெண்கள் சுண்டிப் பார்ப்பது எதற்காக? உறுதியான பொருள் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளவோ உளுப்போ இருந்தால் ஒலி மழுங்கும். பௌதிகம் அறியாமலே எம் தாய்மார் அறிந்த பௌதிகம் இது. 'டக், டக்' என்று வந்த ஒலி, எஞ்சின் அமர்ந்திருக்கும் நெடுஞ்சட்டத்தின் அருகே 'பொத்' என்று மாறியது. மீண்டும் தட்டினார், மீண்டும் 'பொத்'. தம்பி எம் முகத்தைப் பார்த்தார்.

கை: எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிகளுள் ஒன்றைத் திருகினார். இறுகாமல் சுற்றிக்கொண்டே வந்தது. விற்பவரின் அனுமதியோடு அதனைக் கழற்றினோம். புரியிடையே ஒட்டியிருந்தது மரத்தூள் அன்று. நனைந்த தேயிலைச் சக்கை போன்ற கறுப்புக் களி. ஆணித்துளை வழியே நீர் ஆண்டுக்கணக்காக உள்ளிறங்கி, வெளியேற வழியின்றி, இழைத் தோலுக்குள்ளேயே மரத்தை உளுக்க வைத்திருந்தது. அதன்மேலேதான் எஞ்சின் அமர்ந்திருந்தது. அதன் அருகேதான் இழுகம்பமும் நின்றது.

கண்: இவ்வளவு தெரிந்த பின்னும் ஓடாவியார் நிறுத்தவில்லை, தம்பி கற்றுக்கொள்ளட்டும் என்று எல்லாவற்றையும் காட்டினார். எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தல் வேண்டும்; எண்ணெய் பால்தேநீர் நிறமாயின் எஞ்சினுள் நீர் புகுந்துள்ளது. நாம் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கின்றனரா எனத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். குளிர்ந்த எஞ்சின் தொடங்கும் விதமே அதன் உண்மைக் குணம். ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் அழுத்தமானியால் அளந்து, அளவுகள் தம்முள் ஒத்திருக்கின்றனவா எனக் காணல் வேண்டும். விசிறியைக் கையாற் சுழற்றினால் தண்டு தடங்கலின்றிச் சுழல வேண்டும். விசிறியின் இதழ் நெளிந்திருந்தால் அடியில் எங்கோ மோதியிருக்கின்றது. சுக்கான் ஆடலாகாது. அடித்தளத்திற் கொப்புளங்கள் தெரிந்தால் பூச்சுக்குள் நீர் ஊறியிருக்கின்றது. உப்புநீரில் ஓடிய படகாயின் எஞ்சினின் நீர்வழிகள் அரித்திருக்கும். பின்னர் நீரிலிறக்கி, முழு வேகத்தில் ஓட்டி, திரும்பி வந்து அடிவயிற்றில் எவ்வளவு நீர் சேர்ந்துள்ளது என்று பார்த்தல் வேண்டும். இறுதியாகப் பத்திரம்: படகின் உடலிலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் பத்திரத்தோடு ஒத்திருத்தல் அவசியம்.

யார் குற்றம்?

விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. கறுத்த அந்த ஆணியை உள்ளங்கையில் வைத்து அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தாமும் அப்படகை ஈராண்டுகளுக்கு முன்னர் அந்தப் பளபளப்பைக் கண்டே வாங்கியதாகவும், தம் பிள்ளைகள் இருவரும் அதன் பின்னே கயிறு பிடித்துச் சறுக்கியதாகவும் கூறினார். அவர் குரல் தளர்ந்தது. பூச்சு பூசியவர் அவருக்கும் முந்திய எவரோ. பொய் ஒரு கையிற் பிறந்து பல கை மாறும்போது, அதனைத் தாங்கி நிற்பவர் அதனைச் சொன்னவராக இருப்பதில்லை.

புதிய படகாயின் இத்தொல்லை இல்லையே என்பாரும் உளர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல்கோளின் பின்னர், அழிந்த வள்ளங்களுக்கு ஈடாக நம் கரைகளில் ஆயிரக்கணக்கான புதிய கண்ணாடியிழை வள்ளங்கள் அவசர அவசரமாகக் கட்டி வழங்கப்பட்டன. அவற்றுட் பல தரங்குறைந்தவை, கடலுக்குத் தகாதவை என ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் கண்டறிந்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்த புதிய படகும் சோதித்தே ஏறத்தக்கது என்பதை அக்கடல்கோட் காலம் நமக்குக் கற்பித்தது. தானமாகக் கிடைத்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டெனின், அது கடலே.

முற்பணத்தில் அரைப்பங்கை விற்பவர் திருப்பித் தந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லாமையால் மீதியைக் கேட்க எமக்கு வாய் எழவில்லை. 'சோதனைக்கும் நீரோட்டத்துக்கும் உட்பட்டது. குறை காணின் முழுவதும் மீளத் தரப்படும்' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்தால் அவ்விழப்பு நேர்ந்திராது. புகைவண்டியில் திரும்பும்போது தம்பி யன்னலோரத்தில் அமர்ந்து கடலைப் பார்த்தவாறிருந்தார். "அம்மாட்டை என்னெண்டு சொல்லுறது, சேர்?" என்று ஒருமுறை கேட்டார். "காப்பு பத்திரமா இருக்கெண்டு சொல்லும், தம்பி" என்றார் ஓடாவியார்.

புரட்டாசியில் அவர் வேறொரு படகு வாங்கினார். முன்னையதினும் ஐந்தாண்டு மூத்தது. பூச்சு வெளிறி, இருக்கைத் துணி கிழிந்திருந்தது. விலையும் குறைவு. ஆனால் ஓடாவியாரின் சுத்தியல் அணியம் முதற் பின்தலை வரை ஒரே குரலிற் பேசியது. நீர்விடும் நாளில் நாமும் சென்றிருந்தோம். முதன்முதற் கயிற்றைப் பிடித்தவள் தம்பியின் தங்கை. உயிர்காப்புக் கவசத்தை அவளுக்குத் தாயாரே பூட்டிவிட்டார். மும்முறை விழுந்து, நான்காம் முறை எழுந்து நின்றாள். கரையில் நின்ற தாயாரின் கைகளிற் காப்பு இல்லை, அவை படகாகிவிட்டன. அவர் கண்கள் மகளையன்றி, மகள் பற்றியிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.

படகை நாம் வாங்குகின்றோம் என்று நினைக்கின்றோம். உண்மையில் நாம் வாங்குவது அக்கயிற்றின் மறுமுனை கட்டப்பட்டுள்ள இடத்தையே. அது மோட்டார் வண்டியாயினும், வீடாயினும், படகாயினும், பூச்சைப் பார்த்து விலை பேசாமல், பாரம் எங்கே விழுகின்றதோ அங்கே ஒருமுறை தட்டிப் பார்த்தல் நன்று. தட்டிப் பார்க்கத் தெரியாதாயின், தெரிந்த ஒரு முதியவர் கொட்டாஞ்சேனையிலோ வேறெங்கோ, துணியிற் சுற்றிய சுத்தியலோடு நிச்சயம் இருப்பார். முற்பணத்துக்கு முன்னர் அவரை நாடுக.