எண்ணிட்டுக் கழற்றப்பட்ட முர்ரே இல்லம்

ஹாங்காங் தீவை 1841இல் கைப்பற்றிய பிரிட்டன், இன்று வங்கிக் கோபுரங்கள் நெருங்கி நிற்கும் சென்ட்ரல் பகுதியில் அமைத்த முர்ரே படைமுகாமில், அதிகாரிகள் தங்குவதற்கென 1840களில் எழுப்பியதே முர்ரே இல்லம். படைத்தளவாடத் துறைக்குத் தலைமை வகித்த சர் ஜார்ஜ் முர்ரேயின் பெயரால் அது வழங்கலாயிற்று.

மூன்று நிலைகள் கொண்ட இக்கட்டடத்தின் கீழ்நிலை பருத்த கற்சுவர்களும் வளைவுகளுமாக அமைய, மேல்நிலைகளில் அலங்காரமற்ற தலைப்புடைய டோரிக் தூண்களும், தலைப்பில் சுருள் செதுக்கிய அயோனிக் தூண்களும் வரிசையாக எழுகின்றன. நாற்புறமும் சூழ்ந்த தாழ்வாரங்கள், வெயில் அறைகளுக்குள் நேரே விழாமல் தடுத்துக் காற்றுக்கு மட்டும் வழிவிட்டமையால், புழுக்கம் மிகுந்த கோடையிலும் அங்கே தங்க முடிந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்நாட்டு இராணுவக் காவல்துறை இங்கே இயங்கியது; போருக்குப் பின் அரசு அலுவலகமாகிய அதே கட்டடத்தில், அங்கே உலவுவதாக நம்பப்பட்ட ஆவிகளை அமைதிப்படுத்தும் சடங்குகளும் நடந்தன.

ஆயினும், இதன் வரலாற்றில் மிகவும் வியப்புக்குரியது 1982இல் நிகழ்ந்ததே. சீன வங்கிக் கோபுரத்துக்கு இடமளிக்கும் பொருட்டுக் கட்டடத்தைப் பிரித்தவர்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களில் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, பட்டியலில் பதிந்து, சேமித்து வைத்தனர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த அக்கற்கள், தீவின் தென்கரையிலுள்ள ஸ்டான்லியில் மீண்டும் அடுக்கப்பட்டபோது, எங்கே பொருந்தும் என்று கண்டறிய இயலாத ஆறு தூண்கள் எஞ்சின. கூரைக்குரிய புகைபோக்கிகளோ ஹை தெருவிலிருந்த பழைய மனநல மருத்துவமனையிலிருந்து கொண்டுவரப்பட்டன.

இடித்துத் தள்ளியிருக்க வேண்டிய நேரத்தில் எண்ணிட்டுக் காத்தது பெரும் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் கல் மட்டுமே கட்டடம் ஆகாது: படைமுகாமின் பிற கட்டடங்கள், அணிவகுப்புத் திடல், துறைமுகம் ஆகியவற்றோடு அதற்கிருந்த உறவே அதிகாரிகளின் இருப்பிடம் என்ற பொருளை அதற்குத் தந்தது; ஸ்டான்லியில் கடைகளும் உணவகங்களும் குடியேறிய பின் அந்த உறவை எந்தப் பட்டியலாலும் மீட்க இயலவில்லை. முன்பு பெற்றிருந்த முதல்தரப் பாரம்பரியக் கட்டடம் என்ற தகுதியும் இடம்பெயர்ந்த முர்ரே இல்லத்துக்கு இன்று இல்லை.